சாவி இல்லாத மதகு

போன மாதம் இரண்டு இளம் பொறியாளர்கள் கூத்தாநல்லூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மாலினி, இன்னொருவர் பிரபு. நான் காலமெல்லாம் வேலை பார்த்த பாசன இலாகாவில், ஒரு காலத்தில் நான் பார்த்த அதே பிரிவைத்தான் இப்போது இவர்கள் பார்க்கிறார்கள். டெல்டாவுக்கு மறுபடியும் ஒரு வெளிநாட்டு வங்கி கடன் கொடுக்கப் போகிறதாம். அந்த வங்கியின் ஆட்கள் வந்து பார்வையிடப் போகிறார்களாம். இந்த வருகைக்கு ‘மிஷன்’ என்று பெயர். அன்றைக்கும் அதே பெயர்தான். முன்பு வந்த மிஷன்களோடு வாய்க்கால் வாய்க்காலாக அலைந்தவன் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“சார், மிஷன் வந்தா அவங்ககிட்ட எப்படிப் பேசணும்?” என்று மாலினி கேட்டார்.

“அதை விடுங்க. எந்த மாசம் வர்றாங்க?”

“பங்குனியில சார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அவர்கள் பங்குனியை விடவில்லை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, வாய்க்காலில் ஆடு மேயும். அதைப் பார்த்துவிட்டுப் பாசனத்தைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள்.

பிரபு இன்னொரு விஷயம் சொன்னார். புன்னைவெளி என்ற கடைமடைக் கிராமத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதற்கு ஷட்டர் இல்லை, பூட்டும் இல்லை. பலகை போட்டு அடைக்கிற மதகு என்று பழைய வரைபடம் சொல்கிறது, ஆனால் இலாகாக் கிடங்கில் ஒரு பலகைகூடக் கிடையாது. “யாரோ திருடிட்டாங்க போல சார். அதை இடிச்சிட்டு மோட்டார் ஷட்டர் போடலாம்னு புதுத் திட்டத்துல சேர்த்திருக்கோம்.”

“கார்ல வந்திருக்கீங்களா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். “சாப்பிட்டுக் கிளம்புவோம். திருடனைக் காட்டுறேன்” என்றேன். அது என் மதகு. அதன் கதையைக் காரில் அவர்களுக்குச் சொன்னேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை என்றால் கப்பலேறிச் சம்பாதிக்க வேண்டும். என் அண்ணன்மார் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். நான் திருச்சியில் பொறியியல் முடித்து, அரசாங்க வேலையில் சேர்ந்து, சைக்கிளில் வாய்க்கால் கரையோடு போய்க்கொண்டிருந்தேன். “எல்லாரும் வெளிநாட்டுக்குப் போறான், இவன் வடிகாலுக்குப் போறான்” என்று அத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். பிற்பாடு வெளிநாடே என்னைத் தேடி வடிகாலுக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நான் சேர்ந்த காலம் சாதாரணக் காலமில்லை. ஆட்சி மாறி, மேடைக்கு மேடை நில உச்சவரம்பு பற்றிய பேச்சு. அறுவடை வந்தால் கூலித் தகராறு. வயலில் சிவப்புக் கொடி ஊன்றுவார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்குவார்கள். பின்னாலேயே போலீஸ் வேன் வரும். குத்தகைக்காரர் ஒரு பக்கம், மிராசுதார் ஒரு பக்கம், விவசாயக் கூலிகளின் சங்கம் ஒரு பக்கம். எல்லாச் சண்டையும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும், தண்ணீர்ச் சண்டை எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

அந்த அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி செயற்பொறியாளர் தியாகராஜன். எல்லாரும் அவரை இ.இ. என்பார்கள். அவருடைய அறையில் வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. முன்பு இருந்ததாம். வந்து உட்கார்ந்த மிராசுதார்கள் எழுந்திருப்பதில்லை, அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது சங்கத்துக்காரர்கள் நிற்க வேண்டியிருக்கிறது என்று அத்தனை நாற்காலியையும் பதிவறைக்கு அனுப்பிவிட்டார். வருகிறவர் கார் வைத்திருந்தாலும் கோவணம் கட்டியிருந்தாலும் நின்றுதான் பேச வேண்டும். யார் வந்தாலும் அவரும் எழுந்து நின்றுகொள்வார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். கால் வலித்தால் மனிதன் சுருக்கமாகப் பேசுவான் என்பது அவருடைய சித்தாந்தம்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மதகில் கசிவு இருக்கிறதா என்று கேட்டார்.

“அனேகமா இருக்காது சார்” என்றேன்.

“அனேகமான்னா நீ பாக்கலைன்னு அர்த்தம். சைக்கிள் இருக்கில்ல? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு.”

போக வர இருபது மைல். மழையில் நனைந்துபோய் வந்து நின்று, “கசிவு இருக்கு சார்” என்றேன். அவர் தன் மேஜையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை.

சில வருஷங்கள் கழித்து வெளிநாட்டுக் கடன் வந்தது. வாய்க்கால்களுக்குச் சிமெண்டுத் தளம், வடிகால்களுக்கு ஆழம், விவசாயிகளுக்குப் பாசன சங்கம் என்று திட்டம். மிராசுதார்கள் வந்து நின்றார்கள்: “கடனை வாங்கிட்டு வரிய எங்க தலையில ஏத்துவீங்க.” அவர்கள் போன பிறகு சங்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள்: “கடனை வாங்கி மிராசு வயலுக்குச் சிமெண்டு போடுறீங்க.” ஊருக்குள் எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் கடனைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம். மண்ணும் ஜல்லியும் சிமெண்டும் உள்ளூர், கூலி ரூபாய், இதற்கு எதற்கு டாலர்? இ.இ.யிடமே கேட்டேன்.

“நமக்கு வேண்டாம்யா. தில்லிக்கு வேணும்” என்றார். “பெட்ரோலும் உரமும் டாலர் கொடுத்துத்தான் வாங்கணும். ஏழை நாட்டுக்கு டாலர் எங்கேருந்து வரும்? நம்ம வாய்க்காலைக் காட்டி டாலர் வாங்குவாங்க. அது அங்கேயே எண்ணெய்க்குப் போயிடும். நமக்கு ரூபாய் வரும். அந்த ரூபாய்ல நாம ஒழுங்கா வேலை செஞ்சோம்னா, கடனை அடைக்கிறதுக்கு வெளைச்சலாவது மிஞ்சும். இல்லேன்னா கடன் மட்டும் மிஞ்சும்.”

பொருளாதாரத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நிறையப் படித்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னதைவிட அதிகமாக எதுவும் விளங்கவில்லை.

திட்டத்தில் கோரை வடிகால் என்று ஒன்று இருந்தது. மேட்டு வயல்களில் மிஞ்சுகிற தண்ணீரை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் வடிகால். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்கள் சித்திரை வெயிலில் அதை அளந்து, ஒரே சீராக ஆழப்படுத்தலாம், குறுக்கே எந்தத் தடுப்பும் இருக்கக் கூடாது என்று வரைந்து கொடுத்துவிட்டார்கள். வங்கியும் சரி என்றுவிட்டது. அதன் பிறகுதான் அந்தப் பிரிவு என்னிடம் வந்தது.

ஆடியில் நான் அந்தக் கரையோடு நடந்து போனேன். புன்னைவெளிக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டேன். வடிகாலுக்குக் குறுக்கே ஆட்கள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூங்கில் முளைகளை அடித்து, தென்னை மட்டையைக் குறுக்கே வைத்து, வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து மிதித்து ஒரு தடுப்பு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எங்கள் பக்கம் கொரம்பு என்று பெயர். வீட்டுக்கு ஒரு ஆள் என்று வந்து, காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்கள். தடுக்கப்பட்ட தண்ணீர் மெல்ல ஏறி, பக்கத்தில் வெட்டியிருந்த கண்ணி என்ற சிறு கால்வழியில் திரும்பி, வயல்களுக்குள் போயிற்று.

“யார் வயல் இது?” என்று கேட்டேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். தவமணி என்று பெயர். முப்பது வயதிருக்கும். “எங்களதுங்க. உச்சவரம்புல எடுத்துக் கொடுத்தது” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிராசுதார் கல்யாணசுந்தரத்தின் பண்ணையிலிருந்து உபரி நிலமாக எடுத்து, அதே பண்ணையில் கூலி வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த நிலம் அது. தன்னிடமிருந்ததில் ஆகக் கழிசலானதைத்தான் அவர் விட்டுக்கொடுத்திருந்தார். புன்செய் என்று பதிவு, மதகு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மேலே உள்ளவர்கள் கழித்துவிட்ட தண்ணீரைக் கொரம்பு கட்டித் தேக்கித்தான் இவர்கள் ஒரு சம்பா எடுத்தார்கள். ஆடியில் கட்டுகிற கொரம்பை ஐப்பசி மழையில் அவர்களே வெட்டிவிடுவார்கள். சித்திரையில் அளக்க வந்தவர் கண்ணுக்கு ஒரு மூங்கில் குச்சிகூட அகப்படாது. ஆலோசகர்கள் பொய் சொல்லவில்லை, வரக்கூடாத மாசத்தில் வந்தார்கள், அவ்வளவுதான்.

வடிகாலை ஆழப்படுத்தினால் தண்ணீர் கண்ணிக்கு ஏறாது. தடுப்பும் கட்டக் கூடாது. நிலம் தரிசாகும். தொடர்ந்து தரிசு கிடந்தால் பட்டாவை ரத்து செய்யலாம் என்று நிபந்தனை இருந்தது. கல்யாணசுந்தரம் அதற்காகவே காத்திருந்தார். போன வருஷம்கூட அவருடைய ஆட்கள் வந்து கொரம்பை முன்கூட்டியே உடைத்து, அடிதடியாகி, கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஆக, வெளிநாட்டுக் கடனில் நாங்கள் தோண்டப் போகிற பள்ளம், சட்டம் போட்டுக் கொடுத்த நிலத்தைச் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக் கொடுத்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இ.இ.யிடம் போய்ச் சொன்னேன். “நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?” என்றார். பார்த்தேன் என்றேன். மறுநாள் அவரே வந்து கரையில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தவமணி வந்து, “அய்யா, எங்களுக்கு என்ன வழி?” என்று கேட்டாள். அவர் வாக்குக் கொடுக்கிற மனிதரில்லை. “பாத்துட்டேம்மா” என்று மட்டும் சொன்னார்.

ஜீப்பில் திரும்பும்போது அவர் சொன்ன வழி இன்றும் எனக்கு வியப்பு. திட்டத்தை மாற்றச் சொல்லி எழுதினால் கடிதம் சென்னை, தில்லி, அமெரிக்கா என்று சுற்றி வருவதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால் ஒன்றுமே எழுதக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் ஒப்பந்தத்துக்கு விடும் முன் வங்கியின் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மற்ற எல்லா வேலைக்கும் கேட்போம், கோரை வடிகாலுக்கு மட்டும் கேட்க வேண்டாம் என்றார்.

“அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா சார்?”

“கடன் வாங்குறவனுக்குத்தான் அவசரம்னு நெனைச்சுக்கிட்டிருக்கியா? அவங்களுக்கும் கணக்கு வருஷம் முடியும். இவ்வளவு கடன் கொடுத்தோம்னு அவன் மேலதிகாரிகிட்ட காட்டணும். ஒரு வடிகால் மட்டும் வரலேன்னா அவனாவே கேப்பான்.”

அப்படியே நடந்தது. வங்கியிலிருந்து தந்தி வந்தது: கோரை வடிகால் என்னவாயிற்று? இ.இ. நின்றபடியே ஒரு வரி பதில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். தண்ணீர் ஓடும்போது நீங்கள் நேரில் பார்த்த பிறகே சம்மதம் கேட்க விரும்புகிறோம், அதற்கு வசதியான மாதம் ஆகஸ்ட். சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் கத்தினார். இ.இ. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடித்ததும் கிட்டே கொண்டுவந்து, “ஆமாங்க சார், தண்ணியோடதான் பாக்கணும்” என்றார். மூன்று முறை இப்படி. அந்தப் பங்குனி மிஷன் அந்த வடிகாலைத் தொடாமல் போயிற்று. அடுத்த ஆவணியில் வங்கியின் ஆள் வந்தார்.

அவர் பெயர் பீட்டர்சன். நெட்டையான மனிதர், வெயிலில் மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கொரம்பு கட்டி முடித்திருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் நாற்றங்கால் பச்சை. இந்தத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

கல்யாணசுந்தரமும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளி வெற்றிலைப் பெட்டி, நல்ல ஆங்கிலம். இது சட்டவிரோதத் தடுப்பு, மழையில் என் வயல் மூழ்குகிறது என்று அமைதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கொரம்பை நேரத்தில் வெட்டாவிட்டால் மேலே மூழ்கத்தான் செய்யும்.

பீட்டர்சன் யோசித்தார். கொரம்புக்குப் பதிலாக நிரந்தரமான மதகு கட்டலாம், கடனிலேயே கட்டலாம் என்றார். நான் குதித்துவிடாத குறை. அதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. இரும்பு ஷட்டர் போட்டு, பூட்டி, சாவியைப் பாசன சங்கத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது கடனின் நிபந்தனை. பாசன சங்கத்தில் யார் உறுப்பினர்? நன்செய் என்று பதிவான நிலம் வைத்திருப்பவர்கள். தவமணியின் நிலம் புன்செய். பாசன சங்கத் தலைவர் யார்?

“பேஷாக் கட்டுங்க. சாவிப் பொறுப்பை நானே ஏத்துக்கறேன்” என்றார் கல்யாணசுந்தரம். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

நான் இதைக் கரையில் இருந்தவர்களுக்குத் தமிழில் சொன்னேன். தவமணிதான் வாயைத் திறந்தாள். “இப்ப வருசத்துக்கு ஒருக்க சண்டை போட்டாவது தண்ணி எடுக்கறோம். சாவி அவுங்க இடுப்புல ஏறிடுச்சுன்னா சண்டை போடக்கூட எடமிருக்காதுங்க. அந்த மதகு வாண்டாம்னு தொரைகிட்ட சொல்லுங்க.”

ஒரு வருஷம் காத்திருந்து, தலைமைப் பொறியாளரிடம் திட்டு வாங்கி, அமெரிக்காக்காரரைச் சேற்றில் இறக்கி, கடைசியில் நாங்களே ஒரு பூட்டைச் செய்து மிராசு கையில் கொடுக்கப் போகிறோம். பீட்டர்சன் மறுநாள் மத்தியானம் கிளம்புகிறார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து மதகை வரையத் தொடங்கினேன். ஷட்டரை வரைந்தால் பூட்டு வருகிறது. பூட்டு வந்தால் சாவி, சாவி வந்தால் தலைவர். கொரம்புக்கு ஏன் சாவி இல்லை என்று யோசித்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால்தான் அது எழும்பும். தனி ஆள் யாரும் அதைக் கட்டவும் முடியாது, சொந்தம் கொண்டாடவும் முடியாது. அதை அப்படியே கல்லில் வரைந்தால் என்ன? மூன்று கண் வைத்த மதகு. தூண்களில் நேராகக் காடி, அதாவது பலகையைச் செருகுவதற்கான பள்ளம். மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையைச் செருகினால் தண்ணீர் நிற்கும், உருவினால் போகும். இலாகாவில் பல இடத்தில் இருக்கிற பழைய ஏற்பாடுதான். ஆனால் எல்லா இடத்திலும் பலகை இலாகாக் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். இங்கே பலகையை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவது. இது முழுக்க என் யோசனை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இ.இ. வரைபடத்தைப் பார்த்தார். “ஷட்டர் எங்கய்யா?”

“கிடையாது சார்.”

“சாவி?”

“பூட்டு இருந்தாத்தானே சார்.”

அவர் உதடு ஓரம் லேசாக அசைந்தது. அவர் அளவில் அது பெரிய சிரிப்பு. பிறகு கேட்டார்: “சரி, மழை வந்து, பலகைய உருவ மாட்டோம்னு அவங்க நின்னுட்டா? மேல மூழ்கிடுமே. உருவுவாங்களா?”

‘அ’ என்று தொடங்கிவிட்டேன். அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டு, “கேட்டுட்டு வர்றேன் சார்” என்று சைக்கிளை எடுத்தேன்.

விடிந்ததும் புன்னைவெளியில் இருந்தேன். தவமணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “உருவாம என்னங்க செய்வோம்? அதுக்குள்ள எங்க பயிரு தூர் கட்டிடும், தண்ணி நிக்க வாண்டாம். மேல உள்ள பயிரு அழுவுனா அறுப்பு ஏது, எங்களுக்குக் கூலி ஏது? இந்தத் துண்டு நெலம் ஆறு மாசச் சோறு. மிச்ச ஆறு மாசம் அவுங்க வயலுதானேங்க.”

“அவங்க வயல்லயா இப்ப வேலைக்குப் போறே?”

“ஆமா. கேஸும் நடக்குது, களையும் எடுக்கறோம்.”

பீட்டர்சனை வழியனுப்ப இ.இ.யின் அறையில் கூட்டம். வெளிநாட்டு விருந்தாளி என்று ஹெட்கிளார்க் பந்தல்காரரிடம் நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார். இ.இ. உட்காரவில்லை. அவர் நிற்கவே பீட்டர்சனும் நின்றார், கல்யாணசுந்தரமும் நின்றார். வாடகை நாற்காலிகள் சும்மா கிடந்தன. என் வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள்.

“பலகைகள் எங்கே இருக்கும்?” என்று பீட்டர்சன் கேட்டார்.

“அவரவர் வீட்டில்” என்றேன்.

“ஒரு வீட்டுக்காரர் கொண்டுவராவிட்டால்?”

“அங்கே ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியே பக்கத்து வீட்டுக்காரர்களின் தண்ணீரும் போகும். அவர்கள் போய் அவர் கதவைத் தட்டுவார்கள். இலாகா தட்ட வேண்டியதில்லை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மழையில் திறப்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார். தவமணி சொன்னதை அப்படியே சொன்னேன். மேல்வயல் அறுப்புக் கூலி இவர்களுடைய ஆறு மாதச் சாப்பாடு. அவர் கல்யாணசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்து, இது சரிதானா என்று கேட்டார். மிராசுதார் கெட்டிக்காரர். தன் ஆட்கள் தன் வயலில் வேலை செய்வதில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? “வேலைக்கு வர்றாங்க, அது உண்மைதான்” என்றார். பாசன சங்கம், சாவி என்ற நிபந்தனை ஷட்டர் உள்ள மதகுகளுக்குத்தான் என்று இ.இ. பணிவாக நினைவூட்டினார். பீட்டர்சன் தன் குறிப்பில் ‘மக்களே இயக்கும் அமைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தடுப்பே கூடாது என்ற வரியை அவரே அடித்துவிட்டார். கால் வலித்ததோ என்னவோ, சீக்கிரம் முடிந்துவிட்டது.

அடுத்த கோடையில் மதகு எழும்பியது. மதகுக்குக் கீழே கடல் பக்கம் வடிகாலை ஆழப்படுத்தினோம், மேல்பக்கம் இருந்தபடி விட்டோம். பலகைக்குக் கடனில் இடமில்லை. புயலில் சாய்ந்து கிடந்த ஊர்ப் பொது இலுப்பை மரத்தை அவர்களே அறுத்து இழைத்தார்கள். ஆடியில் வீட்டுக்கு ஒரு பலகை தலைச்சுமையாக வந்தது. இடுக்குகளில் வைக்கோலும் களிமண்ணும் திணித்தார்கள். தண்ணீர் ஏறிக் கண்ணியில் திரும்பியபோது நான் கரையில் நின்றிருந்தேன். அந்த மகிழ்ச்சியை எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் உண்மையான பரீட்சை ஐப்பசியில்தான். பலகையை உருவ மாட்டார்கள், என் வயல் மூழ்கப் போகிறது என்று கல்யாணசுந்தரம் முன்கூட்டியே மனுக் கொடுத்து, மழை பிடித்த மூன்றாம் நாள் தாசில்தாரையும் போலீசையும் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போது மேல்வயல் பக்கமிருந்து தப்புச் சத்தம் கேட்டது. கொரம்பை வெட்டச் சொல்லி மழைக்காலத்தில் எப்போதும் அடிக்கிற பறை அது. கரையில் ஏறிப் பார்த்தால் மதகில் பலகையே இல்லை. கடைசிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தவமணி வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். வடிகால் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு கடலுக்கு ஓடியது.

தாசில்தார் குடையோடு நின்று சுற்றிலும் பார்த்தார். வந்ததற்கு ஏதாவது எழுத வேண்டுமே. பக்கத்து நிலத்தில் முழங்கால் உயரம் சம்பா நின்றது. “இது தரிசுன்னு வேற ஒரு மனு இருக்கே?” என்று கிராமக் கணக்கரிடம் கேட்டார். கணக்கர் மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார் மழையைப் பார்த்தார். சாகுபடி நடக்கிறது என்று தாசில்தார் தானே எழுதிக்கொண்டு போனார். தரிசு மனு அத்தோடு தீர்ந்தது.

அப்புறம் எனக்கு எத்தனையோ ஊர், எத்தனையோ பதவி. வேறு மிஷன்களையும் பார்த்தேன். கடன் கொடுக்கிறவனைக் கண்டு கும்பிடவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். அவனிடம் விதிப் புத்தகம் இருக்கும், நம்மிடம் ஊர் இருக்கிறது. ஊரை நாம் பார்த்திருந்தால் பேரம் பேசலாம். அவன் விரித்த வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் கையெழுத்துத்தான் போடலாம். இ.இ. ஓய்வு பெற்ற அன்று பதிவறையிலிருந்து நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அன்று எனக்குப் பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இவ்வளவையும் காரில் சொல்லி முடிக்கவும் புன்னைவெளி வரவும் சரியாக இருந்தது. ஆடி வெயில். வடிகாலில் மேலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தவமணிக்கு இப்போது காரை வீடு. வாசலில் வேப்பமர நிழலில், செங்கல் அடுக்கின்மேல் கறுத்து வழவழப்பான ஒரு பெஞ்சு.

“காதர் சாரா? எளைச்சுப் போயிட்டீங்களே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “உக்காருங்க. நீங்களும் உக்காருங்கம்மா, உக்காருங்க தம்பி.” உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

மாலினியும் பிரபுவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டேன். பிரபு மோரைக் குடித்துவிட்டு, மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்த காரியத்தை விசாரித்தார். மோட்டார் ஷட்டர் வந்தால் தஞ்சாவூரிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தித் திறக்கலாம், மூடலாம் என்று விளக்கினார்.

“தஞ்சாவூர்ல அந்தப் பொத்தான் யாருகிட்ட இருக்கும்?” என்று தவமணி கேட்டார்.

பிரபு மாலினியைப் பார்த்தார். மாலினி, “அது இருக்கட்டும்மா. அந்தப் பழைய பலகையெல்லாம் எங்க போச்சு? எங்க கணக்குல ஒண்ணுகூட இல்லியே” என்றார்.

அதற்குள் தெருவில் நடமாட்டம். எதிர்வீட்டுக்காரர் எதையோ தோளில் தூக்கிக்கொண்டு வடிகால் பக்கம் போனார். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பெண்கள். அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒருவர் சைக்கிள் கேரியரில் குறுக்கே கட்டிக்கொண்டு. தவமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“சொல்றேன் தாயி. ரெண்டு பேரும் கொஞ்சம் எந்திரிங்க” என்றார். “இன்னிக்கு அடைப்பு. எங்க வீட்டுப் பலகைய எடுத்துட்டுப் போவணும்.”

இருவரும் சட்டென்று எழுந்து, உட்கார்ந்திருந்ததைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரபு கணினியை மூடினார். தவமணி ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை மாலினி பிடித்துக்கொண்டார்.